அவுட்லா: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளும் பயன்பாடும் – முழுமையான வழிகாட்டி

'அவுட்லா' என்றால் என்ன என்று கேட்டால் கொள்ளைக்காரன், சட்டவிரோதி என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதிலை மட்டும் நம்பி ஆங்கிலம் படிக்கப் போனால் சீக்கிரமே தடுமாற நேரும். நாடாளுமன்றம் ஒரு வழக்கத்தை 'அவுட்லா' செய்தது என்று ஒரு செய்தி சொல்லும். தொழிலாளர் வரலாற்றில் 'அவுட்லா வேலைநிறுத்தம்' என்று ஒன்று வரும். அமெரிக்கச் சட்டப் பேச்சிலோ ஒரு கடன் 'அவுட்லா' ஆகிவிட்டது என்பார்கள். கடன் எப்படிக் கொள்ளைக்காரன் ஆகும்?

ஒன்றைப் புரிந்துகொண்டால் இவை எல்லாம் ஒரே நூலில் கோத்துக்கொள்ளும். திருடியவன் திருடன், கொன்றவன் கொலைகாரன். இவை செயலால் வந்த பெயர்கள். அவுட்லா என்பது நிலையால் வந்த பெயர். சட்டம் ஒருவனைத் தனக்கு வெளியே நிறுத்தி, 'இனி இவன் என் பொறுப்பில் இல்லை' என்று கைகழுவிவிட்டால் அவன் அவுட்லா. அவன் என்ன செய்தான் என்பது இரண்டாவது கேள்விதான்.

முதல் படி: சொல்லைச் சரியாகச் சொல்லுங்கள், எழுதுங்கள்

'அவுட்' என்றால் வெளியே, 'லா' என்றால் சட்டம். இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாக நிற்கும். நடுவில் சிறுகோடு போடக்கூடாது. எழுத்துகள் ஓ, யு, டி, எல், ஏ, டபிள்யூ. அழுத்தம் முதல் அசையில். ஆங்கிலத்தில் பல ஈரசைச் சொற்கள் பெயராக வரும்போது ஓர் இடத்திலும் வினையாக வரும்போது வேறோர் இடத்திலும் அழுத்தம் பெறும். இந்தச் சொல் அந்த வம்பு செய்வதில்லை. கடைசி ஒலியைத் தமிழில் 'லா' என்று எழுதினாலும் உதட்டைச் சற்றுக் குவித்துச் சொல்ல வேண்டும். அதற்காக 'லோ' வரை போய்விட்டால் 'தாழ்ந்த' என்ற வேறு சொல்லாகிவிடும்.

இந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியாக வந்த வைக்கிங்குகள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'ஊட்லகி'. அது பழைய ஆங்கிலத்தில் 'ஊட்லகா' ஆயிற்று. சட்டத்தைக் குறிக்கும் 'லா' என்ற சொல்லும் அதே நார்ஸ் வழியாக வந்ததுதான். 'கீழே வைக்கப்பட்டது, நிலைநாட்டப்பட்டது' என்பது அதன் வேர்ப்பொருள். சட்டத்துக்கான பெயரையும் அதற்கு வெளியே போனவனுக்கான பெயரையும் ஆங்கிலேயர்கள் ஒரே கூட்டத்தாரிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் படி: 'வெளியே' என்றால் என்ன என்று பாருங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்ட வேண்டாம். இன்றைய பயன்பாடுகள் அத்தனைக்கும் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

ஐஸ்லாந்தில் குடியேறிய நார்ஸ் மக்கள் 930 வாக்கில் ஆல்திங் என்ற பொதுமன்றத்தை அமைத்தார்கள். அங்கே சட்டம் இருந்தது, வழக்கு நடந்தது, தீர்ப்பும் வந்தது. அரசன் மட்டும் இல்லை. தீர்ப்பை நிறைவேற்றப் படையோ காவலர்களோ கிடையாது. ஒருவனைப் பிடித்து அடைத்து வைக்க ஆளில்லாத நாட்டில் எப்படித் தண்டிப்பது? அவனுக்குத் தந்துவந்த பாதுகாப்பை விலக்கிக்கொள்வதுதான் ஒரே வழி. இதில் இரண்டு அளவுகள் இருந்தன. சிறியது, மூன்று ஆண்டுகள் நாட்டைவிட்டுப் போய்விடுவது. செந்தலை எரிக் என்ற கடலோடிக்கு 982 வாக்கில் இந்தத் தண்டனை கிடைத்தது. அந்த மூன்று ஆண்டுகளையும் அவர் மேற்கே கடலில் போய் கிரீன்லாந்தைச் சுற்றிப் பார்ப்பதில் செலவிட்டார். பெரிய தண்டனைக்கு 'காட்டுக்குப் போதல்' என்ற பொருளில் ஒரு பெயர். அதைப் பெற்றவனுக்குக் 'காட்டு மனிதன்' என்று பெயர். ஐஸ்லாந்தில் ஒளிந்துகொள்ளப் பெரிய காடுகள் இல்லை என்பது வேறு விஷயம். பழைய தாயகத்திலிருந்து வந்த சொல் மரங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது. அப்படிப்பட்டவனுக்கு யாரும் சோறு போடக்கூடாது, இடம் கொடுக்கக்கூடாது. அவனைக் கொன்றால் கேட்பாரில்லை.

இங்கிலாந்தில் அரசன் இருந்தான், அவனுடைய மாவட்ட அதிகாரிகளான ஷெரிப்புகள் இருந்தார்கள். ஆனாலும் ஆளைப் பிடிப்பது அங்கேயும் எளிதாக இல்லை. ஆகவே இதே ஏற்பாடு அங்கே நீதிமன்ற நடைமுறையாக உருவெடுத்தது. வழக்குக்கு அழைக்கப்பட்டவன் வரவில்லை. ஷெரிப்பாலும் பிடிக்க முடியவில்லை. அப்போது 'எக்சிஜென்ட்' என்ற ஆணை பிறக்கும். அதன்படி அடுத்தடுத்துக் கூடும் ஐந்து கவுண்டி (மாவட்ட) மன்றங்களில் அவன் பெயரை உரக்கக் கூப்பிட வேண்டும். மன்றம் மாதத்துக்கு ஒருமுறை கூடும் என்பதால் வந்து சேர மாதக் கணக்கில் அவகாசம் இருந்தது. ஐந்தாவது அழைப்புக்கும் பதில் இல்லையென்றால் கரோனர் என்ற அரச அதிகாரி அவனை அவுட்லா என்று அறிவிப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவன் குற்றம் செய்தானா என்று யாரும் விசாரிக்கவில்லை என்பதுதான். அவன் வரவில்லை, அவ்வளவுதான். கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்ற வழக்குகளில் இந்த அறிவிப்பே குற்றத்தீர்ப்புக்குச் சமம். நிலமும் உடைமைகளும் பறிபோகும். பிடிபட்டால் 'இவன்தான் அவன்' என்று உறுதிசெய்துவிட்டுத் தூக்கில் போடலாம். பிற்காலத்தில் கடன் வழக்குபோன்ற உரிமையியல் வழக்குகளுக்கும் இந்த நடைமுறை நீண்டது. ஆக, வரலாற்று நூலில் ஒருவரை அவுட்லா என்று படித்தவுடன் அவர் கையில் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். கடன்காரருக்குப் பயந்து ஒளிந்த வியாபாரியாகவும் அவர் இருக்கலாம்.

அந்தக் காலச் சட்ட லத்தீனில் அவுட்லாவின் தோளில் இருப்பது 'ஓநாயின் தலை'. ஓநாயை எங்கே கண்டாலும் யார் வேண்டுமானாலும் கொல்லலாம், இவனையும் அப்படியே. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் நீதிபதிகள் இதற்குக் கடிவாளம் போட்டார்கள். கொல்லும் அதிகாரம் ஷெரிப்பின் கைக்குச் சுருங்கியது. அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டுச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் 39ஆம் பிரிவு, எந்தச் சுதந்திர மனிதனையும் முறையான தீர்ப்பின்றிச் சிறைப்படுத்தக்கூடாது, உடைமையைப் பறிக்கக்கூடாது என்று அடுக்கும் இடத்தில் அவுட்லாவாக்குவதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அரசர்கள் இதை எப்படிக் கையாண்டிருப்பார்கள் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

பெண்களை அவுட்லா என்று அறிவிக்க முடியாது. பெண்கள் ஆண்களைப்போலச் சட்டத்துக்கு உறுதிமொழி எடுத்து உள்ளே சேர்க்கப்பட்டவர்கள் அல்லர். உள்ளேயே வராதவரை எப்படி வெளியேற்றுவது என்பது அன்றைய சட்டக்காரர்களின் வாதம். அவர்களுக்கு 'வெய்வ்டு', அதாவது 'கைவிடப்பட்டவள்', என்று தனிச்சொல் வைத்தார்கள். பலன் என்னவோ ஒன்றுதான். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கும் இதே விலக்கு இருந்தது.

இந்த நடைமுறை எவ்வளவு நுணுக்கமான காகித வேலை என்பதற்கு ஜான் வில்க்ஸின் வழக்கு போதும். அரசரை விமர்சித்து எழுதிய இந்த அரசியல்வாதி பாரிசுக்குப் போய்விட்டார். 1764இல் அவுட்லாவாக அறிவிக்கப்பட்டார். 1768இல் திரும்பி வந்தபோது, தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு அந்த அறிவிப்பை ரத்து செய்தார். மன்றம் கூடிய வீட்டையும் தெருவையும் குறிப்பிட்ட ஷெரிப், அது மிடில்செக்ஸ் கவுண்டியின் மன்றம் என்று எழுதத் தவறியிருந்தார். அந்தக் குறையே போதுமானதாக இருந்தது. மூல வழக்குக்காக வில்க்ஸ் சிறைக்குப் போனது தனிக்கதை.

இங்கிலாந்தில் உரிமையியல் வழக்குகளில் இது 1879இலும் குற்றவியல் வழக்குகளில் 1938இலும்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது.

மூன்றாம் படி: ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகப் பயன்படுத்துங்கள்

உயிரெழுத்து ஒலியில் தொடங்குவதால் இதற்கு முன்னால் 'அன்' வரும். அதிகம் சேர்ந்து வரும் வினைகளைக் கூட்டமாகவே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது: 'டிக்ளேர்டு அன் அவுட்லா' என்றால் அவுட்லாவாக அறிவிக்கப்பட்ட, 'பிராண்டட் அன் அவுட்லா' என்றால் அப்படி முத்திரை குத்தப்பட்ட, 'லிவ்டு அஸ் அன் அவுட்லா' என்றால் அவுட்லாவாக வாழ்ந்த. 'டேர்ன்டு அவுட்லா' என்றால் அவுட்லாவாக மாறிய. இங்கே மட்டும் 'அன்' விழுந்துவிடும். பன்மை சாதாரணமாக 'ஸ்' சேர்த்து. அந்த நிலையைக் குறிக்கும் சொல் 'அவுட்லாரி'.

இந்தப் பெயரில் ஓர் ஈர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரணம் ராபின் ஹுட் வகைக் கதைகள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவனைப் பற்றிய பாட்டுகள் மக்களிடையே புழங்கின. சட்டம் கைவிட்டவன் நல்லவனாக இருக்கவும் முடியும், சட்டம்தான் கெட்டதாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் அந்தப் பாட்டுகளின் வழியாகச் சொல்லுக்குள் நுழைந்துவிட்டது. திருடனைக் குறிக்கும் வேறெந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இந்தச் சலுகை இவ்வளவு தாராளமாகக் கிடைக்கவில்லை. ஆகவே ஒருவரை வெறுப்போடு குறிப்பிட வேண்டுமென்றால் அவுட்லா தவறான தேர்வு; வாசகர் பாதி பரிதாபப்பட்டுவிடுவார்.

சட்டப்படி அவுட்லாவான பிற்கால ஆட்களில் பெயர்பெற்றவர் ஆஸ்திரேலியாவின் நெட் கெல்லி. 1878 அக்டோபரில் மூன்று காவலர்கள் கொல்லப்பட்ட பிறகு, விக்டோரியா காலனி ஒரு தனிச்சட்டமே இயற்றி அவரையும் கூட்டாளிகளையும் அவுட்லாக்களாக அறிவித்தது. 1880 நவம்பர் 11இல் மெல்பர்னில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இந்தச் சொல் தளர்ந்துபோனது. தலைக்கு விலை வைத்துத் தேடப்பட்ட எந்தக் கொள்ளையனும் அங்கே அவுட்லாதான். 1882இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜெஸ்ஸி ஜேம்ஸ் இந்தத் தளர்ந்த பொருளுக்கு முகமாகவே ஆகிவிட்டார். அதே அமெரிக்காவில் வட கரோலினா மட்டும் பழைய பொருளை விடாமல் சட்டமாகவே வைத்திருந்தது. 1976இல்தான் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அது அரசமைப்புக்கு முரணானது என்றது.

நான்காம் படி: வினையாகப் பயன்படுத்துங்கள்

இன்றைய செய்தி ஆங்கிலத்தில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது இந்த வடிவத்தைத்தான். பழைய காலத்தில் ஆளை வெளியே தள்ளினார்கள். இப்போது ஒரு செயலையோ அமைப்பையோ பொருளையோ தள்ளுகிறார்கள். இறந்தகால வடிவம் 'அவுட்லாட்'. 'இ, டி' என்று இரண்டு எழுத்துகள் சேர்ந்தாலும் அசை கூடாது. 'அவுட்லாயெட்' என்று இழுக்க வேண்டாம்.

எழுவாயாக நிற்பவருக்குச் சட்டம் செய்யும் அல்லது சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும். 1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வியாபாரத்தை அவுட்லா செய்தது. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினையை அவுட்லா செய்தது. இரண்டும் இயல்பான பயன்பாடுகள். ஒரு பள்ளி நிர்வாகம் கைப்பேசியைத் தடுத்தால் அது 'பேன்'. அப்பா மகனைத் தடுத்தால் அது 'பர்பிட்'. பெயர்ப்பலகையில் எழுதிப் போட்டால் 'புரொஹிபிட்'. அப்பா அவுட்லா செய்தார் என்றால் ஆங்கிலம் படிப்பவர் சிரிப்பார். கேலியாக எழுத விரும்பினால் அதையே வேண்டுமென்று செய்யலாம்.

இன்னும் இரண்டு உறவுக்காரச் சொற்களைப் பிரித்தறிய வேண்டும். 'அபாலிஷ்' இருக்கும் ஓர் ஏற்பாட்டையே இல்லாமல் செய்துவிடும். அவுட்லா அதைச் சட்டத்தின் மறுபக்கத்தில் நிறுத்தும். நிறுத்திய பிறகும் அது திருட்டுத்தனமாக நடந்துகொண்டிருக்கலாம். 'கிரிமினலைஸ்' என்றால் அதைச் செய்பவருக்குக் குற்றவியல் தண்டனை உண்டு. அவுட்லா செய்யப்பட்ட ஒன்றுக்குத் தண்டனை இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. 1928 ஆகஸ்ட் 27இல் பாரிசில் கையெழுத்தான கெல்லாக்–பிரியாண்ட் உடன்படிக்கைக்குப் பின்னால் இருந்த இயக்கத்துக்கு 'போரை அவுட்லா செய்தல்' என்றே பெயர். போரைத் தேசியக் கொள்கையின் கருவியாகக் கொள்வதில்லை என்று நாடுகள் உறுதி கூறின. மீறினால் என்ன தண்டனை என்று உடன்படிக்கை சொல்லவில்லை. பிறகு நடந்தது உலகுக்கே தெரியும்.

வாக்கிய அமைப்பில் சிக்கல் இல்லை. வினைக்குப் பின் நேராகச் செயப்படுபொருள் வரும். நடுவில் 'பிரம்' முதலிய முன்னிடைச்சொல் வேண்டாம். எதிர்ச்சொல் 'லீகலைஸ்'.

ஐந்தாம் படி: அடைமொழியாக வரும்போது 'யார் வெளியே தள்ளியது?' என்று கேளுங்கள்

இந்தச் சொல்லின் சுவையே இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன். வேறொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அவுட்லா வந்தால், வெளியே தள்ளியது அரசின் சட்டமாக இருக்க வேண்டியதில்லை. ஏதோ ஓர் அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் நடப்பது என்று பொருள். தொழிற்சங்கத் தலைமையின் அனுமதியின்றித் தொழிலாளர்கள் இறங்கினால் அது அவுட்லா வேலைநிறுத்தம். பந்தயங்களை நடத்தும் அதிகாரபூர்வச் சங்கத்துக்கு வெளியே ஓட்டினால் அவுட்லா பந்தயம். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தில் சேராத கிளப்புகளுக்கும் முதலில் அந்தப் பொருளில்தான் இந்தப் பெயர் பொருந்தியது; குற்றக் கும்பல் என்ற நிழல் அதன்மேல் பலமாக விழுந்த பிறகு காவல்துறை அறிக்கைகளில் அந்தப் பொருளே நிற்கிறது. 1970களில் அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசைக்குப் பெயர்போன நாஷ்வில் நகரத்து இசை நிறுவனங்களின் கட்டுப்பாட்டை உதறிப் பாடியவர்களின் பாணி 'அவுட்லா கன்ட்ரி'. பாடகர்கள் யாரும் வங்கியைக் கொள்ளையடிக்கவில்லை.

'அவுட்லா ஸ்டேட்' என்றால் பன்னாட்டு ஒழுங்குக்கு அடங்காத நாடு. அமெரிக்க அதிபர் ரீகன் 1985இல் இதைப் பயன்படுத்தினார். பின்னால் 'ரோக் ஸ்டேட்' (அடாவடி நாடு) என்பது அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. அடக்க முடியாத குதிரையையும் அமெரிக்க மேற்கில் அவுட்லா என்பார்கள்.

அந்தக் கடனுக்கு வருவோம். வழக்குத் தொடரச் சட்டம் வைத்திருக்கும் காலவரம்பு கடந்துவிட்டால் அமெரிக்க வழக்கில் அதை 'அவுட்லாட்' என்பது உண்டு. கடன் இருக்கிறது, ஆனால் நீதிமன்றத்தின் உதவி அதற்குக் கிடைக்காது. ஓநாய்த் தலையோடு திரிந்தவனின் நிலையும் இதுவேதான். பழைய பொருளுக்கு மிக நெருக்கமாக இன்று உயிரோடிருப்பது, எனக்குத் தெரிந்து, இந்தச் சலிப்பூட்டும் கணக்குப்புத்தகப் பயன்பாடுதான்.

ஆறாம் படி: அக்கம்பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

'பேண்டிட்' இத்தாலியிலிருந்து வந்தது. 'அறிவித்து வெளியேற்று' என்ற வினைதான் வேர். பிறப்பில் அவுட்லாவின் தம்பி என்றே சொல்லலாம். இன்றோ கூட்டமாக வழிமறித்துக் கொள்ளையடிப்பவன் என்ற செயலைத்தான் அது குறிக்கிறது. 'பிரிகண்ட்' காலாட்படை வீரனாகத் தொடங்கிக் கொள்ளையனாகச் சரிந்த சொல். 'பிரிகேட்' அதன் கௌரவமான உறவினர். 'டெஸ்பரேடோ'வுக்கு ஸ்பானிய வாடை இருந்தாலும் 'டெஸ்பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் சாயலில் பரவியது. எதற்கும் துணிந்தவன் என்ற மனநிலைதான் அதில் முக்கியம். 'பியூஜிட்டிவ்' ஓடிக்கொண்டிருப்பவன், பிடிபட்டால் அந்தப் பெயர் தீர்ந்தது. 'ஹைவேமேன்' குதிரையில் வந்து வழிப்பறி செய்பவன். சங்க இலக்கியத்தின் 'ஆறலைகள்வர்' இதற்கு அழகாகப் பொருந்தும். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'டெகாய்ட்' எண்ணிக்கையோடு வந்த சொல்: இந்தியக் குற்றவியல் சட்டப்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால்தான் அது 'டெகாய்ட்டி'.

'லாலெஸ்' வேறு வகை. அது சட்டமே இல்லாத நிலை. அவுட்லா இருக்க வேண்டுமானால் முதலில் சட்டம் ஒன்று இருந்தாக வேண்டும்.

'மதர்-இன்-லா' போன்ற உறவுப் பெயர்களில் வரும் 'இன்-லா' இதற்கு எதிர்ச்சொல் இல்லை. யாரை மணக்கலாம், யாரை மணக்கக்கூடாது என்று விதித்த தேவாலயச் சட்டத்திலிருந்து அது வந்தது. சம்பந்திகளைக் கிண்டலாக 'அவுட்லாஸ்' என்று அழைப்பது ஆங்கிலத்தில் தேய்ந்துபோன நகைச்சுவை. ஆனால் பழைய சட்டத்தில் 'இன்லா' என்று ஒரு வினை உண்மையிலேயே இருந்தது: அவுட்லாவாக்கப்பட்டவனை மீண்டும் சட்டத்துக்குள் சேர்ப்பது.

ஏழாம் படி: தமிழில் எழுதும்போது

ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டாதீர்கள். வினைக்குப் பெரும்பாலும் 'தடைசெய்தது' போதும். சட்டத்தின் பங்கு முக்கியம் என்றால் 'சட்டவிரோதம் என்று அறிவித்தது'. அமைப்புகளுக்குத் 'தடைசெய்யப்பட்ட'. அமெரிக்க மேற்குக் கதைகளில் வரும் ஆளுக்குத் 'தேடப்படும் கொள்ளையன்' ஒத்துவரும். கடனுக்குக் 'காலவரம்பு கடந்த' என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. வேலைநிறுத்தத்துக்குச் 'சங்கத்தின் ஒப்புதலற்ற' என்று விரித்தே எழுதிவிடலாம்.

இடைக்கால இங்கிலாந்தைப் பற்றி எழுதும்போதுதான் கை தயங்கும். 'நாடு கடத்தப்பட்டவன்' என்று எழுதினால் தவறு. அவன் நாட்டுக்குள்ளேயேதான் இருக்கிறான். 'ஊர்விலக்கு' நெருங்கி வருகிறது, ஆனால் அதைச் செய்வது ஊர், நீதிமன்றம் அன்று. 'தலைமறைவுக் குற்றவாளி' என்பதில் குற்றம் உறுதியாகிவிடுகிறது. தவிர, தலைமறைவானது அவன் செயல், அவுட்லாவாக்கியது மன்றத்தின் செயல். இந்தியக் குற்றவியல் நடைமுறையில் பிரகடனம் வெளியிட்டுத் தேடப்படுபவரையும் இதோடு கலக்கக்கூடாது. அவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு முழுவதும் அப்படியே இருக்கிறது. என் விருப்பம், முதல் முறை வரும்போது 'சட்டத்தின் காப்பை இழந்தவன்' என்று விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு அவுட்லா என்றே தொடர்வது. ஷெரிப்பையும் கரோனரையும் தமிழ் ஏற்றுக்கொண்டபோது இவனை மட்டும் வாசலில் நிறுத்த வேண்டியதில்லை.